மூன்று தரம் களைந்த இத்தாலி அரிசி

எங்கள் சீனத்து மலையூர் ஹெங்தாங்கில் இத்தாலிக்கு ஆள் போகாத வீடு எது என்று கேட்டால், ஊரே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கும். மலைச்சரிவில் நான்கு மாடியும் வெள்ளைத் தூணுமாக நிற்கிற வீடுகள் எல்லாம் அங்கே தையல் பட்டறையிலும் உணவுக்கடையிலும் தேய்ந்த கைகள் கட்டியவை. எங்கள் ஊர்க் கிழவர்கள் பேருந்து நிறுத்தத்துக் கடையில் நின்றவாக்கிலேயே இரண்டு மடக்குக் கறுப்புக் காப்பியை விழுங்கிவிட்டு வயலுக்கு இறங்குவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காப்பிக்குப் பால் கேட்கிறவனைக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

மாவ் பாவ்லியன் மாடி கட்டவில்லை. கணவனை நெல்லும் மீனும் சேர்ந்து வளர்கிற வயலோடு விட்டுவிட்டு முப்பத்தொரு வயதில் போனவள், பத்தொன்பது வருடம் இத்தாலியில் வெர்செல்லிப் பக்கத்தில் ஒரு சாலையோரச் சத்திரத்தில் வேலை பார்த்தாள். திரும்பி வந்து, இருந்த ஓட்டு வீட்டுக்கு ஒரு சமையலறை மட்டும் புதிதாகக் கட்டிக்கொண்டாள். அதை வைத்தே ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. சமையல்காரியாக இருந்தேன் என்கிறாளே, சமையல்காரி இப்படியா வருவாள்? தட்டு கழுவியிருப்பாள்.

அவள் எத்தனை முறை சொன்னாலும் எதிரில் இருப்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். ஆட்டுகிற விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்துவிடும்.

போன இளவேனிலில் வெர்செல்லிப் பக்கத்து நெல் விவசாயிகளிடமிருந்து ஊர்த் தலைவர் தெகுவாங்குக்கு ஒரு கடிதம் வந்தது. அவர்கள் ஊரிலும் ஒரு காலத்தில் நெல்லுக்கு நடுவே கெண்டை வளர்த்தார்களாம். மருந்தடிக்கத் தொடங்கியதும் அது நின்றுபோயிற்று. மறுபடி தொடங்க ஆசை. நெல்லும் மீனும் ஒரே தண்ணீரில் வளர்வதை ஹெங்தாங்கில் வந்து பார்க்க வேண்டும், இரண்டு ஊரும் நட்பூர் என்று கையெழுத்திட வேண்டும், நடவுக்கு இங்கிருந்து நான்கு பேர் அங்கே, அறுவடைக்கு அங்கிருந்து நான்கு பேர் இங்கே. கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருந்தார்கள்: கையெழுத்து நாளில் எங்கள் அரிசியையும் உங்கள் வயல் மீனையும் ஒரே சட்டியில் சமைத்து எல்லாரும் சாப்பிடுவோம்.

அக்டோபரில் வருவதாக ஏற்பாடு. அவர்களுக்கு முன்பே அரிசி வந்துவிட்டது, ஆறு கிலோ, துணிப்பையில். செய்தி காதில் விழுந்த அன்றே பாவ்லியன் தெகுவாங்கின் அலுவலகத்துக்குப் போனாள்.

"தலைவரே, அந்தச் சாப்பாட்டை நான் சமைக்கிறேன்."

தெகுவாங் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமலே சிரித்தார். "அக்கா, தட்டு கழுவ ஆள் போட்டாச்சு. சமைக்கிறதுக்கு சிங்தியென் டவுன் ஓட்டல்லேருந்து ஆள் வர்றாரு. இவ்வளவு உயரத்துக்குத் தொப்பி போட்டிருப்பாரு."

"தொப்பியிலயா சோறு வேகும்? எட்டு வருஷம் தட்டு கழுவினேன், இல்லேங்கல. மிச்சம் பதினொரு வருஷம் அந்த அடுப்பு என் கையிலதான் இருந்துச்சு."

"சரி, உங்ககிட்டயே விடறேன்னு வைங்க. சீஸ் எங்க வாங்குவீங்க?"

"மீன் சோத்துல சீஸா? போட்டுப் பாருங்க. கையெழுத்துப் போடாமலே பஸ் ஏறிடுவாங்க."

"மீன்ல செதிலாவது எடுத்துருவீங்கல்ல? வெள்ளைக்காரங்க பயந்துடுவாங்க."

"நம்ம வயல் மீனுக்குச் செதில் எடுக்கிறதா? உங்க அம்மா கேட்டா அறைவாங்க. செதிலோடதான் வறுப்பேன். நொறுநொறுன்னு இருக்கும், கேட்டு வாங்கித் தின்பாங்க."

தெகுவாங் கோப்பையைக் கீழே வைத்தார். "கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டுப்போச்சுன்னா, பாவ்லியன் தட்டு கழுவினவதான்னு ஊர் ஒலிபெருக்கியில நீங்களே சொல்லுங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்."

இப்படித்தான் அவள் தன் பெயரை அந்த ஆறு கிலோ அரிசியின் மேல் வைத்தாள்.

விருந்தன்று விடியலிலேயே கணவனோடு வயலில் இறங்கிச் சிவப்பு மீனாகப் பார்த்துப் பிடித்தாள். வீடு திரும்பும்போது மணி எட்டு. உதவிக்கு வந்திருந்த ஓரகத்தி சாய்யுன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கொல்லையில் நின்றாள்.

"அக்கா, நீ வர்றதுக்குள்ள அரிசி முழுக்கக் களைஞ்சு வச்சுட்டேன். மூணு தரம்! முதல் தண்ணி சோயாப் பால் மாதிரி இருந்துச்சு போ. இவ்வளவு பணக்கார நாடு, அரிசியை இப்படியா அனுப்புறது?"

பாவ்லியனின் கையிலிருந்த மீன்கூடை இறங்கிவிட்டது.

இந்த ஊரில் அரிசி களையாதவளைப் பெண்ணென்றே சேர்க்கமாட்டார்கள். விருந்தாளிக்கு என்றால் இன்னும் ஒரு தரம் கூடுதலாகக் களைவார்கள். ஆனால் இத்தாலிக்காரர்கள் கிளறுகிற குழைவுச் சோறு வேறு ஜாதி. அரிசியைக் களையவே கூடாது. உலர்ந்தபடியே சூடான சட்டியில் போட்டு வறுத்து, கொதிக்கிற மீன்சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளற வேண்டும். சாய்யுன் அழுக்கென்று நினைத்துக் கழுவியதுதான் பருக்கையோடு பருக்கையைக் குழைவாகப் பிடித்து நிறுத்துகிற மாவு. அது போனால் கஞ்சி வரும், இல்லையென்றால் உதிரிச் சோறு வரும். கேட்ட பண்டம் வராது. ஊரில் அந்த அரிசி வேறு ஒரு பிடி கிடையாது.

"ஏன்க்கா இப்படிப் பாக்குற? சரியாக் களையலையா? இன்னொரு தரம்..."

"தொடாத!"

கத்திய பிறகுதான் அவளுக்குத் தன் முதல் வாரம் ஞாபகம் வந்தது. சத்திரத்தில் சும்மா நிற்கிறோமே என்று அரிசியைக் குழாயடியில் காட்டினாள். அங்கிருந்த சமையல்காரி, பாம்பைப் பார்த்ததுபோல அலறிக்கொண்டு ஓடிவந்து பாத்திரத்தைப் பிடுங்கினாள். நான் செய்ததைத்தானே இவளும் செய்திருக்கிறாள், வளர்ப்பு அப்படி. சாய்யுன் அழுகிற நிலையில் நின்றாள்.

"சாய்யுன், கழுநீரை என்ன பண்ணுன?"

"முதல் தண்ணியப் பன்னிக்கு ஊத்திட்டேன். மத்த ரெண்டும் மரத்தொட்டியில இருக்கு. கீரை ஊறப் போடணும்ல?"

"கீரையப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல."

பாவ்லியன் தொட்டியருகே குந்தி உட்கார்ந்து, தண்ணீரைக் கலக்காமல் கையை மெல்ல அடிவரை விட்டாள். அடியில் வழவழவென்று வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"மூங்கில் தட்டு அத்தனையும் எடுத்துட்டு வா. பக்கத்து வீட்டுலயும் கேளு."

அரிசி ஒன்பது தட்டுகளில் கை கனம்கூட இல்லாமல் பரவியது. அறுவடைக்கால வெயிலும் மலைக்காற்றும் ஒன்றாக இருந்தன, அந்த மட்டும் அதிர்ஷ்டம். இரண்டு பேரும் கால் மணிக்கு ஒரு தரம் கிளறிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தெகுவாங் வாசலில் தலையை நீட்டினார்.

"என்ன அக்கா, விதைநெல்லா காயுது? பஸ் வந்தாச்சு, வயல்ல நிக்கிறாங்க. ஓட்டல்காரருக்கு இப்பக்கூட ஃபோன் அடிக்கலாம்."

"அடிங்க. அவரு தொப்பியத் தேடி எடுக்கிறதுக்குள்ள நான் பரிமாறியிருப்பேன்."

சொல்லிவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளினாள். காய்ந்த அரிசியைச் சிறிது சிறிதாக எண்ணெயும் இஞ்சியும் போட்ட பெரிய இரும்புச் சட்டியில் வறுத்தாள். பருக்கை பருக்கையாகக் கரண்டியில் மோதுகிற சத்தம் வரும்வரை அடுத்த பிடியைப் போடவில்லை. அங்கே வெள்ளைத் திராட்சை மது ஊற்றுவார்கள், அவள் ஊர் அரிசி மதுவை ஊற்றினாள். மீன் தலையும் முள்ளும் கொதித்த சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டாள். அரிசி முக்கால்வாசி வெந்ததும், தொட்டியில் மேலே தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் நின்ற அந்த வெள்ளைப் பாலை மெதுவாகச் சட்டியில் சாய்த்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சாய்யுன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கரண்டி இழுத்த தடத்தில் சோறு மெல்லத் திரும்பி வந்து மூடியது.

"வருதுக்கா!"

"கத்தாதடி, பயந்துடப் போகுது."

ஊர்க்கூடத்தில் எட்டு இத்தாலிக்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் சோறு, அதன்மேல் செதிலோடு பொன்னாக வறுத்த மீன். வந்தவர்களுக்குத் தலைவி ஒர்னெல்லா, அறுபதைத் தாண்டியவள், வயல்காட்டு வெயிலில் கறுத்த கழுத்து. ஒரு வாய் வைத்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். தெகுவாங் பாவ்லியனைப் பார்த்த பார்வையில் ஒலிபெருக்கியே தெரிந்தது.

"இது யார் சமைச்சது?" என்று இத்தாலிய மொழியில் கேட்டாள் ஒர்னெல்லா.

"நான்தான்," என்றாள் பாவ்லியன் அதே மொழியில், அதுவும் வெர்செல்லிக்காரர்கள் இழுக்கிற இழுப்போடு.

"நாப்பது வருஷமா இந்த நெல்லப் போடறேன். இது இவ்வளவு மெத்துன்னு ஆகி நான் பாத்ததில்ல. என்ன பண்ணுன?"

ஏதோ சொல்லி மழுப்பியிருக்கலாம். பாவ்லியன் சாய்யுனின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "இவ உங்க அரிசியைக் களைஞ்சுட்டா. மூணு தரம்."

எட்டுப் பேரும் ஒரே குரலில் அலறினார்கள். பாவ்லியன் நிதானமாக, வெயிலில் காயவைத்தது, கழுநீர் அடியைச் சேர்த்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒர்னெல்லா தட்டையும் சாய்யுனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல அரிசியக் களையுற மருமகள அன்னைக்கே அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவோம்," என்றாள். பிறகு தட்டை நீட்டினாள். "எனக்கு இன்னும் கொஞ்சம் போடு."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. மேசைக் கோடியில் இருந்த பருத்த மனிதர், முன்னாள் லாரி ஓட்டுநர், வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அம்மா, நீங்க எங்க வேலை பாத்தீங்க?"

பாவ்லியன் சத்திரத்தின் பெயரைச் சொன்னாள்.

"கால்வாய் பாலத்துக்குப் பக்கத்துல இருக்கே, அதா? வியாழக்கிழமை தவளைக்கறிச் சோறு?"

"வியாழன் தவளை, வெள்ளி மீன்."

அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "பத்து வருஷம் அதுக்காகவே அந்த வழியா லாரிய ஓட்டினேன்! உள்ள சமைக்கிறது ஒரு சீனத்து அம்மான்னு முதலாளி சொல்வாரு. எங்க ஆளுங்க ஒருத்தனும் நம்பல. இப்படியொரு சோத்தச் சீனாக்காரி எப்படிச் சமைப்பான்னு சிரிச்சோம்."

பாவ்லியன் இதை இத்தாலிய மொழி தெரியாத ஊர்க்காரர்களுக்குச் சீனத்தில் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள், ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல். அங்கேயும் நம்பவில்லை, இங்கேயும் நம்பவில்லை என்று கடைசியில் தன் பங்குக்கு மட்டும் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். கூடத்தில் பலர் தட்டைப் பார்த்துக் குனிந்தார்கள். சட்டியோ ஏற்கெனவே காலியாகிவிட்டது.

கையெழுத்து முடிந்ததும், நடவுக்கு இத்தாலி போகிற முதல் நான்கு பேருக்கான தாளைத் தெகுவாங் எடுத்தார். யாரையும் கேட்காமல் முதல் வரியில் மாவ் பாவ்லியன் என்று எழுதினார். வயதை எழுதினார். தொழில் என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அழுத்தி, நல்ல கையெழுத்தில், சமையல்காரர் என்று எழுதித் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"எனக்கு என்ன எழுதுவீங்க தலைவரே?" தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள் சாய்யுன்.

"அரிசி களையுறவங்கன்னு எழுதவா?"

"எழுதுங்க. மூணு தரம்னு சேர்த்து எழுதுங்க."

"எழுதுங்க தலைவரே," என்றாள் பாவ்லியன். "அங்க போய் அவங்களுக்குக் களையக் கத்துக்குடுக்க ஆள் வேணும்ல?"