தொடாமல் போன விருந்தாளி

லாமிட் வீட்டில் அம்புயாட் கிண்டி ரொம்ப நாளாகிவிட்டது. சேகோப் பனை மாவில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிண்டினால் கண்ணாடி போல் திரண்டு வரும் களி அது. பெரிய கிண்ணத்தை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து, இரட்டைப் பல் மூங்கில் கவையால் சுழற்றி எடுத்து, புளிப்புக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். ஒற்றை ஆளுக்காக யாரும் அதைக் கிண்டுவதில்லை.

மனைவி சாலேஹா இறந்த பிறகு படகோட்டி லாமிட் ஒற்றை ஆள்தான். மகள் நோரைடா கல்யாணமாகி, கரையில் அரசாங்கம் கொடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். "அப்பா, இங்க வந்துடுங்க, ஏசி ரூம் சும்மா கெடக்கு" என்று போனில் சொல்வாள். "வந்து படக எங்கம்மா ஓட்றது, உன் தெருவுலயா?" என்பார் அவர். அவள் சிரிப்பாள். பிறகு போனை வைத்துவிடுவாள். கம்போங் ஆயர் என்ற அந்த நீர்க் கிராமத்தில் தண்ணீர் மேல் கால் ஊன்றி நின்ற பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, அவர் வீட்டுக்குப் போகும் பலகைப் பாதையில் அவர் காலடிச் சத்தம் மட்டும்தான் மிச்சம்.

அன்று வெள்ளிக்கிழமை. தொழுகைக்காகக் கடை கண்ணி எல்லாம் சாத்தியாகிவிட்டது. லாமிட்டும் படகைத் திருப்பப் போனவர்தான். படித்துறையில் முதுகில் மூட்டையோடு ஒரு வெள்ளைக்காரப் பையன், பூட்டிய சாப்பாட்டுக் கடையின் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு மணி வரைக்கும் ஒருத்தரும் தெறக்க மாட்டாங்க, தம்பி. சட்டம்" என்றார் லாமிட், முப்பது வருஷமாகப் பயணிகளிடம் பொறுக்கிய இங்கிலீஷில்.

"அதுக்குள்ள நான் செத்துடுவேன், கேப்டன்."

அந்த 'கேப்டன்' லாமிட்டுக்குப் பிடித்துவிட்டது. "வா, ஏறு. எங்க வீட்ல உக்காந்திரு. தொழுதுட்டு வந்து சாப்பாடு போடறேன்."

எதிரே தன் படகைக் கட்டிக்கொண்டிருந்த இன்னொரு படகோட்டி ஜாலுடின் சும்மா இருப்பானா? "என்ன லாமிட், ஆத்தோரக் குரங்கு காட்டக் கூட்டிட்டுப் போறியா, இல்ல வீட்டோட மாப்பிள்ளை பாத்துட்டியா?"

"உன்னக் காட்டினாலே போதும்னுட்டான்டா, குரங்கு பாத்த மாதிரிதானாம்."

பையன் பேர் யானிஸ், கிரேக்க நாடு. தொழுகை முடிந்து லாமிட் வந்தபோது வாசல் பலகையில் காலைத் தொங்கப்போட்டுத் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தான். ஊர் எப்படி என்று அவர் கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டான். பஸ்ஸுக்கு நின்று நின்று கால் போச்சு. நடைபாதை நடுவழியில் காணாமல் போகிறது. ராத்திரி எட்டு மணிக்கு ஊரே படுத்துவிடுகிறது. ஆனாலும் தெரியாத ஆட்கள் இரண்டு முறை காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒருத்தர் வாழைப்பழம் கூடக் கொடுத்தார். அரண்மனையைப் பார்க்க வெயிலில் நடந்தே போனானாம். கதவு சாத்தியிருந்ததாம். காவல்காரர் உள்ளே விடாமல் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்பினாராம்.

"குத்தம் சொல்றேன்னு நெனைக்காதீங்க கேப்டன். உங்க ஊரு பணக்கார வீடு மாதிரி இருக்கு. எல்லாம் இருக்கு, ஆளத்தான் காணோம்."

லாமிட் சிரித்தார். சிரித்துவிட்டுத் தன் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பெரிய டிவி, சோபா, சாலேஹா வாங்கிய பூ ஜாடி. எல்லாம் இருந்தன.

"இன்னிக்கு அம்புயாட் கிண்டறேன், சாப்பிட்டுட்டுப் போ" என்றார் சட்டென்று.

தவறு அங்கேதான் நடந்தது. அந்த ஊரில் சாப்பாட்டின் பேரை வாய்விட்டுச் சொல்லி ஒருவரைக் கூப்பிட்டுவிட்டால், அதை அவர் தொடாமல் கிளம்பக் கூடாது. தொடாமல் போனவருக்கு வழியில் ஏதாவது நேரும்: பாம்பு, முதலை, கவிழ்கிற வண்டி. வேண்டாம் என்றால் வலது கை விரலால் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டால் போதும். அதனால் விருந்தாளி எப்போது கிளம்புகிறார் என்று கேட்ட பிறகே விவரம் தெரிந்தவர்கள் இன்ன சாப்பாடு என்று பேர் சொல்வார்கள். லாமிட்டுக்கு விவரம் தெரியாமல் இல்லை. ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கேட்க மறந்துவிட்டார்.

குழம்பைத் தயார் செய்து, மாவைக் கரைத்து, கொதிதண்ணீரை ஊற்றிக் கிண்ட ஆரம்பித்தார். அந்த நேரம் கையை எடுத்தால் கட்டி தட்டிவிடும். அப்போதுதான் வாசலிலிருந்து யானிஸின் குரல் கேட்டது. "கேப்டன்! எல்லை தாண்டி மிரி ஊருக்குப் போற பஸ் இப்பவே கெளம்புதாம், சாயங்காலம் இல்லையாம்! அங்கேருந்து எனக்கு ஃபிளைட்! ரொம்ப நன்றி!"

"தம்பி, நில்லு, தொட்டுட்டு..."

பலகைப் பாதை தடதடத்தது. அவனை ஏற்றிக்கொண்டு ஜாலுடினின் படகு உறுமியது.

லாமிட் களியைப் பார்த்தார். அருமையாகத் திரண்டிருந்தது. போகட்டும் என்று விட்டிருக்கலாம், அவன் நம் ஆள் இல்லை, நம் வழக்கம் அவனைத் தீண்டாது. ஆனால் கூப்பிட்டது இவர் வாய் அல்லவா? இன்று இருட்டுக்குள் அந்தப் பஸ்ஸுக்கு ஒன்று ஆனால்? ஒரு மூடி போட்ட கிண்ணத்தில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு படகுக்கு ஓடினார்.

கரையில் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. லாமிட் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்தபடி அதன் முன்னால் போய் நின்றுவிட்டார். டிரைவர் பிரேக்கை மிதித்து, தலையை வெளியே நீட்டினார்.

"என்ன பெரியவரே, உயிர் கனக்குதா?"

"உள்ள ஒரு வெள்ளக்காரப் பையன். சாப்பாட்டத் தொடாம வந்துட்டான்பா."

டிரைவர் முகம் மாறியது. "அட, மொதல்லயே சொல்லக் கூடாதா! ராத்திரி காட்டு ரோட்ல ஓட்டப்போறவன் நானுல்ல!" கதவு திறந்தது. பஸ்ஸே யானிஸைத் திரும்பிப் பார்த்தது. முன்சீட்டு அம்மாள் அவன் கையைப் பிடித்துக் கிண்ணத்துக்குள் விட்டாள். "தொடு தம்பி, தொடு. எங்களயும் சேத்துக் கவுத்திடாத."

யானிஸ் விரலை நக்கினான். "கேப்டன், இது பசையா? ருசியே இல்லையே!"

"ருசி கொழம்புல இருக்கு. கொழம்பு வீட்ல இருக்கு."

பஸ் முழுக்கச் சிரித்தது. லாமிட்டும் சிரித்தார். யானிஸ் கண்ணாடி வழியாகக் கை கூப்புகிற மாதிரி ஏதோ செய்தான். பஸ் திரும்பி மறைந்ததும் தெரு பழையபடி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது களி ஆறி இறுகியிருந்தது. இனி கவையில் சுழலாது. குழம்பின் மேல் எண்ணெய் படிந்திருந்தது. பக்கத்தில் இரண்டு கவைகள், இரண்டும் நனையாமல். மீனுக்குக் கொட்டலாம் என்று கிண்ணத்தைத் தூக்கினார், திரும்ப வைத்துவிட்டார்.

மாலைச் சவாரிக்கு நேரமாகிவிட்டது. வாசல் வரை போனவர் நின்றார். அவரும் அதைத் தொடவே இல்லை. திரும்பி வந்து, குனிந்து, வலது விரலால் அந்தக் குளிர்ந்த களியைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் படகை அவிழ்த்தார்.