ராக்கப்பன் போட்டுப் பார்த்த மான்வேட்டை பூட்ஸ்

ராக்கப்பன் ஒரு வாரம் முழுக்க இடது காலில் பச்சை பூட்ஸும் வலது காலில் கறுப்பு பூட்ஸும் போட்டுக்கொண்டு திரிந்தார். பார்த்தவர்கள் வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அது வெயில் இல்லை, டியூட்டி.

1978ஆம் வருடம். துபாய் பக்கத்தில் ஜெபல் அலியில் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் சீதாராமன் அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எங்களுக்குக் கொடுத்திருந்த தகர கேபின் ஸ்டோரை ஒட்டியே இருந்தது. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே ஸ்டோர் கவுன்டர். நான் யாரோடும் பேசிப் பழகவில்லை. ஆனாலும் யாருக்கு என்ன கஷ்டம், யார் யாரோடு பேச்சில்லை என்பதெல்லாம் வெங்காயம் நறுக்கும்போதே தெரிந்துவிடும்.

ராக்கப்பனுக்குக் காளையார்கோவில் பக்கம். வயது நாற்பது இருக்கும். கான்கிரீட் கேங்கில் வேலை. ஆள் சராசரி உயரம்தான், பாதம் மட்டும் பதினோராம் நம்பர். கம்பெனி வரவழைத்த ரப்பர் பூட்ஸ் ஒன்பதாம் நம்பரோடு நின்றுவிட்டது. அவர் ஒன்பதை வாங்கி, முனையைப் பிளேடால் வெட்டி, விரல்களை வெளியே விட்டுக்கொண்டு கான்கிரீட்டில் நின்றார். சிமெண்ட் தண்ணீர் விரல் இடுக்கில் புகுந்து தோலைத் தின்றது. கேம்ப் கம்பவுண்டர் ஊதா மருந்து தடவிவிடுவார். சாயந்திரம் குழாயடிக்கு வரும்போது பார்த்தால் இரண்டு கத்தரிக்காய்களின் மேல் ஒரு மனிதர் நடந்து வருவதுபோல இருக்கும்.

ஸ்டோரில் ஹெல்பர் வேலை காலியாக இருந்தது. சிமெண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, தலைக்கு மேலே கூரை. ராக்கப்பன் கேட்டுக்கொண்டதால் என் கணவர் ஒரு விண்ணப்பம் டைப் அடித்து டங்கன் மேஜைக்கு அனுப்பினார். டங்கன் எங்கள் சைட்டின் பெரிய இன்ஜினீயர், ஸ்காட்லாந்துக்காரர். அக்டோபர் நடுவில் ஒன்றரை மாத லீவில் ஊருக்குப் போகிறார். அதற்குள் கையெழுத்து விழாவிட்டால் பம்பாய் ஏஜென்ட் ஹெல்பர் வேலைக்குப் புது ஆளை அனுப்பிவிடுவான்.

ராக்கப்பன் தினமும் கவுன்டருக்கு வருவார்.

"தொரை போட்டாரா சார்?"

"மேஜையில இருக்குய்யா."

"மேஜையில எந்தப் பக்கம் சார்?"

இந்த நேரத்தில்தான் டங்கன் இரண்டு ஜோடி பூட்ஸைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தார். ஊரில் அவர் மலையேறி மான் வேட்டைக்குப் போவாராம். பச்சை, வழக்கமான ரப்பர். கறுப்பு, நியோப்ரீன். கடலுக்கடியில் முங்கி வேலை செய்யும் டைவர்கள் உடம்போடு ஒட்டினாற்போல் ஓர் உடுப்புப் போடுவார்களே, அந்தத் துணி. அதை வைத்து டைவர் கம்பெனி நண்பர் ஒருவர் தைத்துக் கொடுத்தது. உள்ளே மெத்தென்று துணி லைனிங். பெட்டியில் ஒரு ஜோடிக்குத்தான் இடம். எது நல்லது என்று சோதித்துச் சொல்ல வேண்டுமாம்.

என் கணவர் கரப்பான்பூச்சியைக்கூடப் பேப்பரில் ஏந்தி வெளியே விடுகிறவர். வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மானைக் கொல்றதுக்கு நான் சர்டிபிகேட் குடுக்கணுமாம்!"

ராக்கப்பன் வாசலில் நின்று ஆறுதல் சொன்னார். "மானு அவுக ஊருல இருக்கு சார். நம்மகிட்ட இருக்கிறது பூட்ஸு மட்டுந்தான். பூட்ஸுக்கு என்ன பாவம் வந்துச்சு?"

இவர் நிமிர்ந்து பார்த்தார். பார்வை மெல்ல இறங்கி ராக்கப்பனின் பாதத்தில் நின்றது. டங்கனுக்கும் பதினோராம் நம்பர். கேம்பில் வேறு எவருக்கும் அந்தக் கால் கிடையாது. ஃபோர்மேனிடம் பேசி ராக்கப்பனை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினார். ஒரு காலில் இது, மறு காலில் அது என்று போட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒப்பிடலாம் என்பதும் இவருடைய யோசனைதான்.

டங்கன் நான்கு விஷயம் பார்க்கச் சொல்லியிருந்தார். தண்ணீர் புகக் கூடாது. குளிர் ஏறக் கூடாது. நடந்தால் சத்தம் வரக் கூடாது. எந்த வாசனையும் ஒட்டக் கூடாது, மானின் மூக்கு அப்படிப்பட்டது. இவர் முதல் மூன்றை மட்டும் எழுதிக்கொண்டார். ஆபீசர் பூட்ஸில் வாசனை வருகிறதா என்று காகிதத்தில் எழுதுவது மரியாதையாகப் படவில்லையாம். நான்காவதை ராக்கப்பனிடம் சொல்லவே இல்லை.

தண்ணீர்ச் சோதனைக்கு ராக்கப்பனைக் கடலோரத்தில் முழங்காலளவில் நிறுத்தினார்கள். இரண்டு பூட்ஸும் பாஸ். குளிர்ச் சோதனைக்குத்தான் வழியில்லை. அக்டோபர் ஜெபல் அலியில் குளிருக்கு எங்கே போவது? கடைசியில் மெஸ்ஸில் கெஞ்சி இரண்டு ஐஸ் பாளம் வாங்கி உடைத்து, ஒரு டிரம்மில் தண்ணீரோடு போட்டு, ராக்கப்பனை உள்ளே இறக்கினார்கள். கேங்கே கூடிவிட்டது. இவர் கையில் வாட்ச்சோடு நின்றார்.

"என்னய்யா, எப்படி இருக்கு?"

"இடது காலு போச்சு சார். வலது காலு நம்ம ஊருல இருக்கு."

"தெளிவாச் சொல்லு."

"பச்சையில வெரல் இருக்கா இல்லையான்னு தெரியல. கறுப்புல குத்தவச்சுத் தூங்கலாம்."

அடுத்தது சத்தச் சோதனை. இதற்கு ஒரு மான் வேண்டும். வேறு யாரும் முன்வராததால் இவரே ஜல்லிக் குவியலுக்கு முதுகைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ராக்கப்பன் பின்னாலிருந்து நொண்டியடித்து வர வேண்டும். முதலில் பச்சைக் காலால், பிறகு கறுப்புக் காலால். சத்தம் கேட்டவுடன் இவர் கையைத் தூக்க வேண்டும்.

"சார், காதை ஆட்டுங்க சார், அப்பத்தான் மானு" என்றான் கேங்கிலிருந்த வேலுச்சாமி.

"பேசாதேடா! மான் கவனமா இருக்கு" என்று இவர் கண்ணைத் திறக்காமலே அதட்டினார்.

பச்சைக்குப் பத்தடி தூரத்தில் கை எழுந்தது. கறுப்புக்கு எழவே இல்லை. ராக்கப்பன் தோளைத் தொட்டதும் இவர் ஐயோ என்று துள்ளியதில் வேலுச்சாமி சிரிப்புத் தாங்காமல் ஜல்லிமேல் உட்கார்ந்துவிட்டான். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சிரித்தேன்.

நியோப்ரீன்தான் என்று இவர் மூன்று பிரதி ரிப்போர்ட் அடித்தார். மறுநாள் காலையில் பூட்ஸோடு ஒப்படைத்துவிட்டால் டங்கன் சந்தோஷத்தில் அந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடுவார் என்று கணக்கு.

அன்றைக்குச் சாயந்திரம் ஆயுத பூஜை. ஸ்டோரில் டிரில்லிங் மிஷின், மண்வெட்டி, ஹெல்மெட், வெல்டிங் கண்ணாடி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நான் சந்தனம் கரைத்துச் சுண்டலும் செய்து கொடுத்தேன். ராக்கப்பன் அந்த நான்கு பூட்ஸையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"யாராவது செருப்பைச் சாமி முன்னாடி வைப்பாங்களாய்யா?" என்றார் இவர்.

"செருப்பு வேற, பூட்ஸு வேற சார். செருப்பு கோயிலுக்கு வெளிய நிக்கும். பூட்ஸு கான்கிரீட்டுக்குள்ள எறங்கி நம்மளோட வேலை பாக்குதுல்ல?"

வாதம் கால் மணி நேரம் நடந்தது. கடைசியில் தீர்ப்பு: படத்துக்கு முன்னால் வைக்கக் கூடாது, குங்குமம் கூடாது, ஓரமாக வைத்துச் சாம்பிராணி மட்டும் காட்டலாம். இவர் சுண்டல் சாப்பிடத் திரும்பினார். ராக்கப்பன் தூபக்காலைத் தூக்கி ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் புகை நிரம்ப நிரம்பக் காட்டி, பூட்ஸ் வாயைக் கையால் பொத்திப் புகையை உள்ளேயே ஊறவிட்டார். பிறகு சந்தனத்தை வழித்து, நான்கின் முனையிலும் உள்பக்கமாகப் பூசினார். பூசும்போது உதடு அசைந்தது. கையெழுத்துக்கான வேண்டுதல் என்று எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவும் இல்லை.

காலையில் டங்கன் கவுன்டருக்கு வந்தார். கறுப்பு பூட்ஸைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். மூக்கை உள்ளே விட்டார். எடுத்துவிட்டுப் பச்சையில் விட்டார். அதிலும் சந்தனம். பிறகு என் கணவரைப் பார்த்து நிதானமாக ஏதோ கேட்டார். இதை எந்தக் கோயிலில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டாராம். ஒரு மைல் தூரத்திலேயே மான் மோந்துவிடும், நான் சொன்ன நான்காவது விஷயம் எங்கே என்றாராம். டங்கன் விண்ணப்பத்தோடு கையில் கொண்டுவந்த ஃபைலைத் திறக்காமலே கக்கத்தில் வைத்துக்கொண்டார். நாளைக் காலை ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் வருவதாகவும் அதற்குள் சரிசெய்ய முடிந்தால் சரி, இல்லாவிட்டால் இரண்டுமே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

தூணருகே நின்ற ராக்கப்பன் அந்த ஃபைல் போவதையே பார்த்தார்.

அன்றைக்கு என் கேபின் வாசலில் நடந்ததைத் துவைத்தல் என்று சொல்ல முடியாது. முதலில் சீயக்காய். கறுப்பு பூட்ஸில் சந்தனம் இருந்தது, அதோடு சீயக்காயும் சேர்ந்துகொண்டது. எலுமிச்சம்பழம் தேய்த்தோம், அதுவும் குடியேறியது. காப்பித்தூள் வாசனையை இழுக்கும் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அது எதையும் இழுக்கவில்லை, தானும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. கல்யாண வீட்டில் சாமான் அறைக்குள் தலையை நீட்டினாற்போல இருந்தது. பச்சை பூட்ஸோ கடல் மணலும் சலவைச் சோடாவும் போட்டு ஒரு தேய்ப்பு, ஒரு வெயில், அவ்வளவுதான். மோந்தால் ஒன்றுமே இல்லை.

"கறுப்பையே குடுத்துடலாம்யா. ப்ளேன்ல போகப் போக வாசனை போயிடும். ரிப்போர்ட் மூணு காப்பி அடிச்சாச்சு" என்றார் இவர்.

"போவாது சார். பச்சைதான் சரி."

"நேத்து கறுப்புங்கிறது, இன்னிக்குப் பச்சைங்கிறது. தொரை நம்மளை என்னன்னு நினைப்பார்? உன் பேப்பரும் அவர்கிட்டதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ."

"அதேன் சார் சொல்றேன். பச்சையில குளுருதுன்னா உள்ள ரெண்டு கம்பளி சாக்ஸு போட்டுக்கிடலாம். வாசத்துக்கு என்னத்த சாக்ஸு போடுறது?"

இவர் இரண்டு பூட்ஸையும் இன்னொரு தடவை மோந்து பார்த்தார். பிறகு டைப்ரைட்டரில் காகிதம் செருகினார்.

மறுநாள் டங்கன் பச்சை பூட்ஸுக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி, நன்றாக இழுத்தார். ஒன்றுமே இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கே புரிந்த ஆங்கிலம். புது ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் கம்பளி சாக்ஸ் இடத்தில் சிரித்தார். பச்சையைக் காரில் வைக்கச் சொல்லிவிட்டு, கறுப்பை எடுத்து ராக்கப்பன் கையில் கொடுத்தார். உனக்குத்தான், உன் அளவுதானே என்றார்.

ராக்கப்பன் கும்பிடுவதற்குள் ஃபோர்மேன் சேதுமாதவன் முன்னால் வந்துவிட்டார். பாலக்காட்டுக்காரர். தன் கேங்கில் ஓர் ஆள் குறைவது அவருக்குப் பிடிக்கவில்லை. டங்கனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"இப்போ நல்ல பூட்ஸ் கிட்டியாச்சு அல்லே? இனி கால் நனையாது. பின்னே ஸ்டோர் எதுக்கு ராக்கப்பா? வா, கான்கிரீட் வண்டி வந்தாச்சு."

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்திருந்த டங்கனின் கை நின்றது. அது நியாயம்தானே என்பதுபோல ராக்கப்பனைப் பார்த்தார். என் கையில் கரண்டி அப்படியே இருந்தது.

ராக்கப்பன் கீழே உட்கார்ந்து கறுப்பு பூட்ஸில் வலது காலை நுழைத்தார். எழுந்து வெயிலில் போய் நின்றார். டங்கன் வாட்ச்சைப் பார்த்தார், ஏர்போர்ட்டுக்கு நேரமாகிறது. ராக்கப்பன் நகரவில்லை. கால் மணி நேரம் போனதும் வந்து, பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். வேர்வை தரையில் கொட்டியது. பாதம் ஆவி பறக்காத குறையாக வெளுத்து ஊறி, ஊதாப் புண்களோடு இட்லித் தட்டிலிருந்து எடுத்ததுபோல இருந்தது.

"சாப், உதர் தண்டா, பஹுத் அச்சா" என்று வடக்கே கை காட்டினார். "இதர் கரம். பாவ் குக்கிங். ஃபினிஷ். கலாஸ்." அங்கே குளிருக்கு நல்லது, இங்கே கால் வெந்துபோகும் என்று தன் கேம்ப் இந்தியில் சொன்னார்.

டங்கன் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். அதற்கு முன்னால் அவர் அதைப் பார்த்திருக்க நியாயமில்லை. யாரும் காட்டியதும் இல்லை. நிமிர்ந்து ஃபைலைக் கவுன்டரில் விரித்துக் கையெழுத்துப் போட்டார். சேதுமாதவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டங்கன் அந்தக் கறுப்பு பூட்ஸை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். சேதுமாதவனின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சந்தனமும் சீயக்காயும் அன்றைக்கு மணத்தன.

ராக்கப்பன் ரப்பர் செருப்போடு ஸ்டோர் வேலையில் சேர்ந்தார். முதல் வாரமே பத்து, பதினொன்று நம்பர் பூட்ஸ் வரவழைக்க இண்டென்ட் போடச் சொல்லி இவரை நச்சரித்து மூன்று பிரதி வாங்கிவிட்டார். யார் பூட்ஸ் கேட்டு வந்தாலும் அப்படியே எடுத்துக் கொடுக்க மாட்டார். வாளியிலிருந்து பூட்ஸ் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பார். ஆட்கள் சொதசொதவென்ற பூட்ஸோடு சைட்டுக்குப் போனார்கள். சேதுமாதவன் கோபத்தோடு கவுன்டருக்கு வந்தார்.

"எந்தா ராக்கப்பா இது! முன்னே வேலை முடிஞ்சுதான் கால் நனையும். இப்போ வேலைக்கு வரும்போதே நனைஞ்சு வருது!"

"உள்ள ஊத்தின தண்ணி வெளிய வரலேன்னா, வெளிய இருக்கிறது உள்ள போவாது ஃபோர்மேன் சாரே. கவுத்து வடிச்சுட்டுப் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ராக்கப்பன் அடுத்த பூட்ஸை வாளியில் அமுக்கினார். அவர் கால் விரல்களில் ஊதா மங்கி, புதுத்தோல் வந்திருந்தது.