கடைவீதி வாசகசாலையின் நான்கு தூண்கள்

விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சனிக்கிழமை காலை ஆறரை மணிப் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய். நடத்துநர் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "கலெக்டர் ஆபீஸுங்களா?" என்று கேட்டார். கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரான பிறகு, என் வயதில் அங்கே போகிறவர்கள் எல்லோரும் கையில் மனுவோடு போகிறார்கள் என்பது அவருடைய அனுபவம்.

"இல்லப்பா, கடைவீதி."

"அங்க இன்னாங்க வேலை? உள்ள பூந்தா வெளிய வர அரை நாள் ஆவுமே" என்று சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்தார்.

கடைவீதியில் ஒரு பழைய வாசகசாலை இருக்கிறது. அதை நிர்வகிக்கும் அறக்கட்டளையினர் அதைப் பழுதுபார்த்து, கீழே கல்வராயன் மலையில் விளையும் சாமை, தேன், கடுக்காய் விற்கும் கடைகளும், மாடியில் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பகமும் அமைக்கப் போகிறார்கள். "மாடி மரத்தையெல்லாம் எறக்குறதுக்கு முன்னாடி ஒருதடவ வந்து பாருங்க சார்" என்று வேலையைப் பார்க்கும் பொறியாளர் கவிதா தொலைபேசியில் அழைத்திருந்தார். அந்த ஊர்ப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்த காலத்தில் வாசகசாலையின் செயலாளர் நான்தான். மரத்தை ஏன் இறக்க வேண்டும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்பதால் கேட்கவில்லை.

உளுந்தூர்பேட்டை, எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம். தியாகதுருகத்தில் மலைக்கோட்டையின் மீது வெயில் ஏறியிருந்தது. ஒன்பது மணிக்குள் கள்ளக்குறிச்சியில் இறங்கிவிட்டேன்.

கடைவீதியில் நடக்கும்போது முதலில் கண்ணில் பட்டது இல்லாதவைதான். சுண்ணாம்புப் பூவேலை செய்த மாடி முகப்புகள் நான்கைந்து இந்த வரிசையில் இருந்தன. இப்போது அந்த இடங்களில் கண்ணாடி முகப்பு வைத்த கான்கிரீட் கடைகள். எஞ்சியிருப்பது வாசகசாலை ஒன்றுதான்.

கவிதாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கலாம். பக்கத்து ஊரான வடக்கனந்தல்காரர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னை உள்ளே அழைத்துப் போனார். கட்டடம் கடைசியாக உரக் கிடங்காக இருந்ததால் யூரியா வாடை இன்னும் போகவில்லை. சுவரில் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைச் சுரண்டி வைத்திருந்தார். வெள்ளை, நீலம், மறுபடி வெள்ளை, அதற்கும் அடியில் கரும்பழுப்பாக ஒரு கறை.

"இது இன்னான்னு சொல்லுங்க பாக்கலாம்."

தெரியவில்லை என்றேன்.

"வெல்லம் சார்! வாசகசாலைக்கு முன்னாடி இது வெல்ல மண்டி. மூட்டைய சொவுத்துல சாச்சு சாச்சு ஊறிப்போச்சு. மழக்காலத்துல இன்னும் எறும்பு வருது."

நான் பதினோரு ஆண்டுகள் தினமும் அருகில் உட்கார்ந்திருந்த சுவர் அது. வரலாறு சொல்லிக்கொடுத்தவன். ஒருநாளும் அதைப் பற்றி எனக்குத் தோன்றியதில்லை. வெல்ல மண்டி, வாசகசாலை, உரக் கிடங்கு என்று மூன்று தொழில் பார்த்துவிட்டு நான்காவதற்குக் காத்திருந்தது அந்தக் கட்டடம்.

மேலே தேக்கு உத்தரங்கள் வரிசையாக ஓடின. கூடத்தின் நடுவே மட்டும் ஓர் இரும்பு கர்டர், துருப்பிடித்து, வயிறு தொங்கிக் கிடந்தது. அதன் கீழே சவுக்குக் கம்புகளால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். கவிதா ஏணியில் ஏறி ஓர் உத்தரத்தைச் சுத்தியால் தட்டினார். மணி மாதிரி ஒலித்தது.

"நல்ல மரம் சார். ஆனா டிரஸ்டுல ஒத்துக்கல. திங்கக்கெழம கம்பி லாரி வருது. மேல்மாடிய மொத்தமா எறக்கிட்டு கான்கிரீட் போடப்போறாங்க. நாலு செவுரு மட்டும்தான் நிக்கும்."

அப்போது அறக்கட்டளைத் தலைவர் ராஜேந்திரன் உள்ளே வந்தார். எதிரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். பள்ளியில் என்னிடம் படித்தவர். "வாங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "கவிதா தட்டித் தட்டிக் காட்டுது. தட்டுனா மட்டும் போதுமா சார்? நடுவுல நின்ன நாலு தூணு வெளிய பாக்க நல்லாத்தான் இருந்துச்சாம். உள்ளுக்குள்ள கரையான் தின்னு பவுடரா போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? நாளைக்கு மேல நூறு பசங்க குந்தினு படிக்கும். எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

சொல்லவேண்டிய இடம் அதுதான். சொன்னேன்.

கரையான் வரவில்லை. அந்த நாளில் நான் நன்றாகப் பேசுவேன் என்று பெயர். வாரந்தோறும் கூடத்தில் கூட்டம் போட்டுப் பேசுவேன். நடுவில் நின்ற தூண்களால் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்களுக்கு என் முகம் தெரியாது. தூண்களை எடுக்கலாமா என்று கேட்டால் குழு சம்மதித்திருக்காது. எனவே கோடை விடுமுறையில் வெள்ளையடிக்கிறோம் என்று வாசகசாலையை மூடிவிட்டு, கர்டரைப் போட்டுத் தூண்களை எடுத்தேன். கரையான் அரித்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னேன். மலையிலிருந்து புளி கொண்டுவந்த ஆண்டி என்பவர் காலி லாரியில் அவற்றை ஏற்றிக்கொண்டு போனார்.

இதை மனத்துக்குள் பல வருடங்களாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்பவர் கோபப்படுவார், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். ராஜேந்திரன் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"புரியுது சார். பழைய பாசம். கட்டடத்தக் காப்பாத்தணும்னு பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிறீங்க."

"பொய் சொல்லலப்பா."

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா சார்? அதனாலதானே கரையான நம்புறேன்."

கவிதா கேட்டார்: "அந்தத் தூணுங்க இப்ப எங்க சார் இருக்கும்?"

"மலையில கரியாலூர் பக்கம்னு ஆண்டி சொன்னாரு."

"அப்ப போய்ப் பாத்துட்டு வந்துடலாம். சாயந்திரம் டிரஸ்ட் மீட்டிங் இருக்குது. அதுக்குள்ள திரும்பணும்."

ராஜேந்திரனின் காரில் பத்தரைக்குக் கிளம்பினோம். கச்சிராயபாளையம் வரை இரண்டு பக்கமும் கரும்பு. கோமுகி அணையைத் தாண்டியதும் மலைச்சாலை. ஒவ்வொரு வளைவிலும் ராஜேந்திரன் நீளமாக ஹாரன் அடித்தார். ஏற ஏறக் காற்று மாறியது; எனக்குக் காது அடைத்தது. கள்ளக்குறிச்சியில் அத்தனை ஆண்டுகள் இருந்தும் நான் இந்த மலைக்கு வந்தது அதுவரை ஒரே ஒரு தடவை, மாணவர்களோடு அருவி பார்க்க. கரியாலூரை அடையும்போது பன்னிரண்டு மணி ஆகவில்லை. நாற்பது கிலோமீட்டர் இருக்கும்.

தேநீர்க் கடையில் விசாரித்தோம். தேநீர் பத்து ரூபாய், இஞ்சி தட்டிப் போட்டது.

"எந்த ஆண்டிங்க? ஊருக்கு நாலு ஆண்டி கீறான்" என்றார் கடைக்காரர்.

"புளி வியாபாரம். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி லாரியில நாலு தூண் கொண்டுவந்தவரு" என்றேன்.

"அட, கம்பத்து ஆண்டியா! அப்படிச் சொல்லுங்க. அவரு செத்து நாளாச்சு. மருமவ காசியம்மா வெள்ளிமலை ரோட்டுல சாப்பாட்டுக் கடை வச்சிக்கினு இருக்குது."

நான் எடுத்தெறிந்தது ஒரு மனிதருக்குப் பட்டப்பெயராகியிருந்தது.

மரவள்ளிக் கொல்லைக்கு நடுவே தகரக் கூரை போட்ட கடை. முன்புறத்தில் நான்கு தூண்கள். உடனே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பச்சைப் பெயின்ட் அடித்து, ஒன்றில் மாட்டுக் கயிறும், இன்னொன்றில் செல்போன் ரீசார்ஜ் பலகையும் தொங்கின. உச்சியில் செதுக்கியிருந்த வாழைப்பூ மொட்டைப் பார்த்த பிறகுதான் அவைதான் என்று தெரிந்தது.

"மீனு தீந்துபோச்சு, முட்டை இருக்குது" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பிறகு காசியம்மா கரண்டியோடு வெளியே வந்தார். ராஜேந்திரன் ஏற்கெனவே ஒரு தூணைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "யோவ் மொதலாளி, கதவு அந்தாண்ட கீது. கம்பத்த எதுக்குத் தட்டுற?"

"கரையான் இருக்குதான்னு பாக்குறேம்மா."

"கரையானா? எங்க வூட்டுக் கம்பத்துலயா? வாயக் கழுவு!"

கவிதா அவரைச் சமாதானப்படுத்தி, ஸ்க்ரூ டிரைவரால் ஒரு தூணின் அடியில் குத்திப் பார்க்க அனுமதி வாங்கினார். நான்கிலும் குத்தினார். முனை உள்ளே போகவில்லை. ஓர் ஓரத்தில் பெயின்டைச் சுரண்டினார். பச்சைக்கு அடியில் மஞ்சள், அதற்கடியில் நீலம்.

"எலெக்சனுக்கு எலெக்சன் ஆளுக்கு ஒரு கலரு அடிச்சிட்டுப் போவானுங்க" என்றார் காசியம்மா. "ஓசியிலதானேன்னு நானும் வுட்டுடுவேன்."

நீலத்துக்கு அடியில் தேக்கு, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. ராஜேந்திரன் குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அதுவரை அவர் என்னைப் பார்த்த பார்வை வேறு.

நான் யார் என்று காசியம்மாவிடம் சொன்னேன்.

"நீங்கதானா அந்த வாத்தியாரு! எங்க மாமனாரு சாவுற வரைக்கும் சொல்லுவாருங்க. கள்ளக்குறிச்சியில ஒரு புண்ணியவான், காலணா வாங்காம நாலு கம்பத்தத் தூக்கிக் குடுத்தாருன்னு." சட்டென்று முகம் மாறியது. "இப்ப இன்னா, திருப்பிக் கேக்க வந்துக்கினீங்களா? எடுத்துக்கினு போங்க. கூரையையும் சேத்து எடுத்துக்கினு போங்க. என்னையும் ஏத்திக்குங்க, அங்க வந்து சோறாக்குறேன்."

"கம்பம் வேணாங்க. இது இங்க நிக்கட்டும்" என்றார் கவிதா. "நல்லாக் கீதுன்னு ஒரு வார்த்த போன்ல சொல்லுங்க, படம் புடிச்சிக்கிறேன்."

காசியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தூணைத் தழுவியபடி, கரையான் வந்தால் என்னென்ன செய்வேன் என்று கேமராவைப் பார்த்துத் திட்டினார். அந்தப் படத்தை ராஜேந்திரன் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். சாப்பாடு எண்பது ரூபாய். முட்டைக் குழம்பில் காரம் ஜாஸ்தி. என்னிடம் மட்டும் காசு வாங்கக் காசியம்மா மறுத்துவிட்டார். நல்லவன் என்று என்னை நினைத்திருந்த ஒரு குடும்பத்தில், உண்மையைச் சொல்லாமலே சாப்பிட்டு எழுந்தேன். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மலையிலிருந்து இறங்கும்போது, அணை கண்ணுக்குத் தெரிந்ததும் ராஜேந்திரன் சொன்னார்:

"எங்க தாத்தா கட்டுன கடைய ஏன் இடிச்சோம் தெரியுமா சார்? வாசகசாலைக்கு வந்த கரையான் நம்ம கடைக்கு வராதான்னு எங்கப்பா பயந்தாரு. நல்ல மரம். வெறகுக்குப் போச்சு. பக்கத்துல செட்டியார் கடையும் அதே பயத்துலதான். நான் கரையான் மருந்து விக்க ஆரம்பிச்சதே அந்தப் பேச்ச வச்சித்தான் சார்."

காலையில் கடைவீதியில் இல்லாதவற்றைப் பார்த்து நான் பெருமூச்சு விட்டேனே, அவற்றை இடித்ததில் என் பங்கு இவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். "இனிமே என்னா பண்றது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு கியர் மாற்றினார்.

ஆறு மணிக்கு அந்தக் கூடத்திலேயே கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆறேழு பேர். கவிதா காசியம்மாவின் படத்தைப் போட்டுக்காட்டினார், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நான் எழுந்து காலையில் சொன்னதை மறுபடி சொன்னேன். இந்தத் தடவை நம்பினார்கள். மாடியை இறக்க வேண்டாம், ஒவ்வோர் உத்தரத்தையும் சோதித்துக்கொண்டு தேக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம், கர்டரை எடுத்துவிட்டு நான்கு தூண்களைப் புதிதாக நிறுத்தலாம் என்று முடிவாயிற்று. ராஜேந்திரனே தொலைபேசியை எடுத்து லாரியை நிறுத்தச் சொன்னார். கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

மற்றவர்கள் கிளம்ப எழுந்தபோது கடிகாரக் கடை ரஹீம் பாய் மட்டும் எழுந்திருக்கவில்லை. என் வயதை நெருங்கியவர்.

"எங்க அத்தா தெனம் சாயங்காலம் இங்க வருவாருங்க. இடுப்பு வலி அவருக்கு. தூணுல சாஞ்சுக்கினு பேப்பர் படிப்பாரு. தூணு போனப்பறம் சாய எடம் இல்லன்னு வர்றத வுட்டுட்டாரு. அவரு சேக்காளிங்களும் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க." பிறகு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார்: "மூஞ்சி தெரியணும்னு எடுத்தீங்க, சரி. அன்னிக்கெல்லாம் இன்னா பேசினீங்க?"



கிளம்பும் முன் பழைய தூண்கள் நின்ற இடத்தைக் காட்டச் சொன்னார் கவிதா. சிமென்ட் தரையில் அடையாளம் எதுவும் இல்லை. ஆனாலும் யோசிக்காமல் நடந்து நான்கு இடத்திலும் நின்று காட்டினேன். ஒவ்வொரு இடத்திலும் அவர் குனிந்து என் செருப்பைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்.

ஏழரை மணிப் பேருந்தில் திரும்பினேன். விழுப்புரத்தில் என் வீட்டுக் கூடத்தில் தூண் கிடையாது. வருகிறவர்கள் விசாலமாக இருக்கிறது என்பார்கள். கொஞ்ச நேரம் நாற்காலியில் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். பேருந்து தியாகதுருகத்தைத் தாண்டும்வரை, அந்தக் கூடத்தில் நின்று பேசியவற்றில் ஒரு வாக்கியத்தையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். பேசிய தலைப்புகூட வரவில்லை. ரஹீம் பாயின் அத்தா, முதுகைத் தூணுக்குக் கொடுத்துவிட்டு, நாளிதழை நாலாக மடித்து விளக்கு வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்திருந்தது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.