வெறும் ரயிலில் ஒருவர்

ஊரில் பாதிப் பேருடைய எலும்பு அவளுக்கு அத்துப்படி, முகம்தான் நினைவிருக்காது. மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் வேலை. கடைத்தெருவில் எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா.

அக்காவுக்கு நீராவி எஞ்சின் என்றால் உயிர். "மத்த வண்டியெல்லாம் மூடி மறைச்சு வச்சிருக்கும். இது ஒண்ணுதான் எலும்பு, குடல் எல்லாத்தையும் வெளியில போட்டுக்கிட்டு ஓடுது" என்பாள். வருடத்துக்கு ஒருமுறை பழைய எஞ்சின் ஒன்றைத் துடைத்து மெருகேற்றி, மரப்பெட்டிகளைக் கோத்து, ஏரிக்கரை வரைக்கும் உல்லாசப் பயணம் விடுவார்கள். அவள் வழியிலுள்ள ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்று படமெடுத்துவிட்டுத் திரும்புவாள்.

கணவருக்கு ரொட்டிக் கம்பெனியில் இரவு வேலை. அவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் செருப்பை மாட்டுவாள். "எங்க வீட்டுக் கட்டில் சூடு ஆறுறதே இல்ல" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இந்த வருடம் அவரே இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தார். வேலை முடிந்து நேராக ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். காது மடிப்பில் மாவு அப்படியே இருந்தது.

"தூங்காம எதுக்குங்க வந்தீங்க?"

"ஏன், ரயில்ல தூங்கினா தூக்கம் இல்லையா? நீ பாட்டுக்கு போட்டோ எடு."

வண்டி ஊரைத் தாண்டுமுன்னே ஜன்னலில் சாய்ந்துவிட்டார்.

ஏரிக்கரை வளைவில் ரயில் நின்றது. படமெடுப்பவர்களுக்காகவே ஓர் ஏற்பாடு: எல்லாரும் இறங்கிவிட, வெறும் வண்டி பின்னால் போய், புகையைக் கக்கிக்கொண்டு மறுபடி ஓடி வரும். அக்கா கேமராவோடு முதல் ஆளாகக் குதித்தாள். நல்ல இடம் பிடிக்கிற அவசரத்தில் கணவர் நினைப்பே இல்லை.

ரயில் பின்னோக்கி நகர்ந்து பனிக்குள் கரைந்தது. புல்வெளியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஏரித் தண்ணீர் அசையவில்லை. எங்கிருந்தோ ஓர் ஊதல் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு அந்த வெள்ளைக்குள் கறுப்பாக ஒரு புள்ளி. அது வளர வளர, பாதத்துக்கடியில் தரை மெல்லத் துடித்தது. சக்கரத் தண்டுகள் முழங்கையை மடக்கி நீட்டி மடக்கி நீட்டி, எஞ்சின் மேகத்தை இழுத்துக்கொண்டு வந்தது. வெயில் பட்ட இடத்தில் நீராவி பொன்னாக இருந்தது.

"யாருய்யா அது, உள்ள?" பக்கத்தில் நின்ற தொப்பிக்காரர் கத்தினார். "எல்லாரும் இறங்கணும்னு தொண்டை கிழியச் சொன்னாங்களே!"

காலி ஜன்னல்களுக்கு நடுவே ஒரே ஒரு முகம். கண்ணாடியில் கன்னத்தை அழுத்தி, வாயை லேசாகத் திறந்து, புகைக்குள் மிதந்து வந்தது.

அக்கா எஞ்சினை விட்டுவிட்டாள். கேமரா அந்த ஜன்னலோடு கூடவே திரும்பியது. அழுத்தினாள்.

"என் வீட்டுக்காரருங்க" என்றாள்.

தொப்பிக்காரரின் குரல் இறங்கியது. "இன்னொரு தடவை விடப் போறாங்க. எழுப்பிடலாமாம்மா?"

"ராத்திரி பூரா அடுப்பு முன்னாடி நின்னவருங்க. தூங்கட்டும்."

தொப்பிக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, அந்த ஜன்னல் படத்தில் விழாதபடி, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். இரண்டாம் தடவை வண்டி வந்தபோது அக்கா கேமராவைத் தூக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் ஏறி உட்கார்ந்ததும் கணவர் கண்விழித்தார். "ஒரு கனவு. ரயில் பின்னாடியே போகுது, உள்ள ஒரு ஆளக் காணோம்."

"பயந்துட்டீங்களா?"

"இல்ல. யாரோ என்னப் பாத்துக்கிட்டே இருக்கிற மாதிரி இருந்துச்சு. நல்லா இருந்துச்சு."

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் வெட்கப்பட்டு, ஏரி முடியும் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்.

படத்தைப் பெரிதாக அச்சடித்து வந்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தூங்கினா நான் இப்படியா இருப்பேன்?"

"எனக்கும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் ஒரு ராத்திரி லீவு கேட்டு வாங்கினார். பழக்கதோஷம், அன்றைக்கு அவருக்குப் பொட்டுத் தூக்கம் வருவதில்லை. அக்கா குறட்டை விடுவாள் என்பதை இத்தனை வருடம் கழித்து அப்போதுதான் கண்டுபிடித்தார்.