சாரம் கட்டும் இடம்

எழுபதுகளின் தொடக்கத்தில், அச்சுவேலிப் பக்கம் எங்கள் வாசிகசாலை வளவில் நடந்த பட்மின்ரன் ஆட்டங்களுக்கெல்லாம் நான்தான் நடுவர். எனக்கு ஆடத் தெரியாது என்பது முதல் தகுதி. ஆங்கில விதிப்புத்தகம் பள்ளி ஆசிரியனான என்னிடம் மட்டும் இருந்தது இரண்டாவது. அதை நான் முழுதாக வாசித்தவன் என்று ஊர் நம்பியது. நாளடைவில் நானும் நம்பினேன்.

அதுவரை ஊரில் ஒரே விதிதான்: பந்து எவன் பக்கம் விழுகிறதோ அவனுக்குத் தோல்வி. நான் வந்து, சேர்விஸ் போடுகிறவருக்கு மட்டுமே புள்ளி, மற்றவர் வென்றால் சேர்விஸ்தான் கை மாறும், பதினைந்து எடுத்தவர் வென்றவர் என்று அறிவித்தேன். அன்றிலிருந்து எந்த ஆட்டமும் பொழுது படுவதற்குள் முடிந்ததில்லை. சோளகக் காற்று பெயர்ந்தால் இறகுப்பந்து அடித்தவனிடமே திரும்பி வரும். அதற்குப் புத்தகத்தில் பரிகாரம் இல்லை.

கோட்டில் விழுந்த பந்துக்கு மட்டும் நான் புத்தகம் பார்க்கவில்லை. வேலிக்காக நாலு தலைமுறை வழக்காடிய ஊரில் பிறந்தவன் நான். வேலிக் கதியால் அரை அங்குலம் தள்ளி நட்டாலும் அது அடுத்தவன் காணி. ஆகவே சுண்ணாம்புக் கும்மாயத்தால் போட்ட கோட்டில் பட்ட பந்து வெளியே என்று தீர்ப்பளித்து வந்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. எல்லோரும் வேலி வைத்திருந்தார்கள்.

சேர்விஸ் போடும்போது பந்தை இடுப்புக்குக் கீழே வைத்து அடிக்க வேண்டும் என்ற விதிதான் சிக்கலைக் கொண்டுவந்தது. இடுப்பு எங்கே தொடங்குகிறது என்று தினமும் சண்டை. எங்கள் ஊரில் ஆடுகிறவர்கள் எல்லோரும் லுங்கிபோலச் சாரம் கட்டியவர்கள். நான் வாசிகசாலைப் பலகையில் வெண்கட்டியால் எழுதிவைத்தேன்: ‘இடுப்பு என்பது சாரம் கட்டும் இடம்.’ அன்று என் மொழிபெயர்ப்புத் திறனில் எனக்கே மரியாதை ஏற்பட்டது.

நான் நடுவரான மூன்றாம் வருட இறுதியாட்டத்தில் ஒரு பக்கம் காங்கேசன்துறையிலிருந்து வந்த, காற்சட்டை போட்ட ஒரு தொழிலாளி. மற்றப் பக்கம் எங்கள் ஊரில் புகையிலை பயிரிடும் கமக்காரர். அவருடைய தங்கைக்கும் எனக்கும் சாதகம் பொருந்தி, கலியாணப் பேச்சு ஊரறிய முக்கால்வாசி முடிந்திருந்தது. மிச்சக் கால்வாசி அந்த அண்ணையின் வாயில் இருந்தது. அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

அண்ணை பதினான்குக்கு ஏழு என்று பின்னால் நின்றார். அடுத்த சேர்விஸ் தன் கைக்கு வந்ததும் மட்டையைக் கீழே வைத்தார். சாரத்தை அவிழ்த்து, கிணற்றடியில் பெண்கள் கட்டுவதுபோல நெஞ்சுக்கு மேலே குறுக்குக்கட்டாக இறுக்கிக் கட்டினார். பிறகு தோளுயரத்திலிருந்து ஒரு சேர்விஸ் போட்டார். பந்து ஆணி அடித்ததுபோல் இறங்கியது.

நான் மேசைமேல் போட்ட கதிரையில் இருந்து பலகையைப் பார்த்தேன். என் கையெழுத்து அழகாக இருந்தது. “புள்ளி” என்றேன். அப்படியே ஐந்து புள்ளிகள் போயின.

காற்சட்டைக்காரர் மேசையடிக்கு வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

“மாஸ்டர், கலியாணம் உங்கடை பாடு. எனக்கு என்ரை இடுப்பு எங்கை எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

இறங்கிப்போய்ப் பலகையை அழித்தேன். ‘தொப்புள்’ என்று எழுதினேன்.

“அண்ணை, சாரத்தை இறக்கிக் கட்டுங்கோ.”

“தம்பி, முந்தி உதிலை எழுதினது ஆர்?”

“நான்தான்.”

“இப்ப அழிச்சது?”

“அதுவும் நான்தான். தொப்புள் தெரியவேணும் அண்ணை.”

பெண் கேட்ட வீட்டாரிடம் இப்படியொரு நிபந்தனையை எவனும் வைத்திருக்க மாட்டான். அவர் என்னைப் பார்த்தபடியே இறக்கிக் கட்டினார். மறுபடியும் தோளிலிருந்தே அடித்தார். “பிழை” என்றேன். சேர்விஸ் கை மாறியது. அடுத்த சேர்விஸை அண்ணை திருப்பி அடித்த பந்து மூலைக் கோட்டில் விழுந்து கும்மாயம் புகையாய் எழும்பியது. “வெளியே” என்றேன். முடிந்தது.

அண்ணை மேசையில் கிடந்த விதிப்புத்தகத்தை எடுத்துச் சாரத்தில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு கிழமை தரகர் எங்கள் ஒழுங்கை வழியே வரவில்லை. “இனி உந்தப் புத்தகத்தையே கட்டு” என்றார் அம்மா. அதுவும் பெண் வீட்டில்தான் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

எட்டாம் நாள் அண்ணை படலையைத் திறந்து வந்தார். கையில் புத்தகம், ஒரு பக்கம் மடித்திருந்தது.

“தங்கச்சி முழுக்க வாசிச்சுப் போட்டாள். இடுப்புக்கு நீர் கடைசியா எழுதினது சரியாம்.”

நான் மூச்சு விட்டேன்.

“ஆனா கோட்டிலை பட்டால் உள்ளையாம். அந்தக் கடைசிப் பந்து விழேக்கை அவள் வேலிக்குள்ளாலை பாத்தவளாம். மூண்டு வரியமா ஊரை ஏமாத்தியிருக்கிறீர்.”

நான் வேலி வழக்கத்தைப் பற்றி ஏதோ தொடங்கினேன். அவர் கேட்கவில்லை.

“நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான். அவள்தான் சொன்னாள், உந்தாளைத் திருத்த ஒரு ஆள் வேணும், தானே வாறன் எண்டு. ஆவணியிலை வைப்பமே, மச்சான்?”

தாலி கட்டிய அன்று வேட்டியைத் தொப்புளுக்குச் சரியாகக் கட்டியிருந்தேன். புத்தகம் இன்றும் அவளிடம்தான். எனக்குத் தேவையென்றால் கேட்டு வாசிக்கலாம்.