பாடு இல்லாத ஒப்பந்தம்

பன்னாட்டு வணிகச் சட்டம் என்றால் எங்கள் குப்பத்தில் யாருக்கும் விளங்காது. ஆனாலும் நைனா எல்லோரிடமும் சொல்லுவார். மீன் ஏலம் போடுகிற இடத்தில், டீக்கடையில், மீஞ்சூர் ஸ்டேஷனில் என்னை ரயிலேற்றிவிடும்போது பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளிடம்கூட, "வெளிநாட்டு யாவாரத்துக்கு சட்டம் படிக்குது எம் பொண்ணு" என்பார். எனக்கும் தலைக்கனம் கொஞ்சநஞ்சமா இருந்தது?

கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்காரர் வந்தார். ஏரி இறாலை நைனாவிடம் நேராகவே வாங்கி சிங்கப்பூருக்கு அனுப்புவதாகப் பேச்சு. ஒன்பது பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒப்பந்தம். இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். கரையில் எடை போட்டு வாங்கிவிட்டால் அப்புறம் பொறுப்பு அவர்களுடையது, வழியில் கெட்டுப்போனால் எங்கள் தலையில் கட்டக்கூடாது என்று ஒரு விதியை மாற்றி எழுதவைத்தேன். "கெட்டிக்காரப் பொண்ணும்மா நீ" என்றார் அவர். அதிலேயே குளிர்ந்துபோனேன்.

பருவம் முழுக்கத் தினமும் இறால் தர வேண்டும் என்று நான்காம் பக்கத்தில் இருந்தது. அதைப் படித்துச் சொன்னதும் நைனா நிமிர்ந்தார்.

"தெனிக்கும்னா இன்னாம்மா அர்த்தம்? நம்ம பாடு வராத அன்னிக்கு இன்னா பண்றது?"

ஏரியில் இறால் விழுகிற இடங்களில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை போட முடியாது. முறை வைத்திருக்கிறோம். நம் முறை வரும் நாளில்தான் போக வேண்டும். அதற்குத்தான் பாடு என்று பேர். அந்தப் பாட்டில் வந்த சோற்றைத் தின்று வளர்ந்தவள் நான். தொழிலின் வழக்கமும் ஒப்பந்தத்தில் ஒரு பகுதிதான் என்று பரீட்சையில் மூன்று பக்கம் எழுதி மார்க் வாங்கியவளும் நான்தான். ஆனால் குப்பத்து வழக்கத்தைக் கோட்டு போட்ட மனிதரிடம் விளக்கி, அந்தக் காகிதத்தில் ஏற்றச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

"எல்லா ஒப்பந்தத்துலயும் அப்டித்தான் நைனா போடுவாங்க. நீ கையெழுத்து போடு" என்றேன். போட்டார்.

இரண்டாம் வாரமே நோட்டீஸ் வந்தது. சொன்னபடி தினமும் சரக்கு வரவில்லை, இப்படியே போனால் சிங்கப்பூரில் வழக்கு நடக்கும் என்று மிரட்டல். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார் நைனா. பரீட்சை நேரத்தில் புள்ளையைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு போன் போடவில்லை. மறுநாள் காலை, அடுத்தவர் பாட்டில் போய் வலை போட்டுவிட்டார். ஐயோ, நாற்பது வருடத்தில் ஒருநாளும் செய்யாத காரியம்! பட்டப்பகலில் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்தார்கள்.

ஊர் கூடியது. தகவல் தெரிந்து ஓடிவந்த நான் பெண்களோடு ஓரமாக நின்றேன்.

"ஒம் பொண்ணுதான் அவ்ளோ படிக்குதே, அது எதுவும் சொல்லலியா?" என்று தலைவர் கேட்டார்.

"அது தெளிவாத்தான் சொல்லிச்சு. பாட்டப் பத்தி ஒரு வரி எழுதிக்கலாம்னு சொல்லிச்சு. நான்தான் கேக்கல" என்றார் நைனா. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நான் பெண்களுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாட்டுக்கணக்கிலிருந்து அவர் பேரை எடுத்துவிட்டார்கள்; ஏரியில் இனி அவருக்கு முறை கிடையாது. இப்போது இந்த வயதில் யாரோ ஒருவருடைய ஃபைபர் படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறார்.

நான் பாஸ் பண்ணிவிட்டேன். ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் குப்பத்துக்காரர்கள் என்னைத் தேடித்தான் வருகிறார்கள். நைனாதான் அவர்களுக்குப் பாய் விரிக்கிறார். "ஒங்க நைனா மாதிரி இல்லம்மா, நீ சொன்னா நாங்க கேட்டுக்குவோம்" என்று அவர் காதுபடவே சொல்கிறார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பிக்கிறேன்.