மடிப்பில் எழுதாத வரி

கிளாம்பாக்கத்தில் ஏறிய பஸ்ஸில் மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்தேன். முதலில் வெயில் என்று, பிறகு பக்கத்து ஆளின் போன் சத்தம் என்று, பிறகு பின்சீட்டு தூக்கிப் போடுகிறது என்று. சீட்டுகளின் மேல் குற்றமில்லை. எனக்கு உட்கார வராது. ஐம்பதைத் தாண்டியும் கல்யாணப் பந்தியில் ரசத்தோடு எழுந்துவிடுகிற ஆள் நான்.

மத்தியானம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் எங்கள் பள்ளி வகுப்பு கூடுகிறது. இலைச் சாப்பாடா, பஃபேவா என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு வாரம் சண்டை நடந்தது. நான் சாப்பிடப் புறப்படவில்லை. ஒருவனிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் சொல்லாமல் ஓடியதுதான் என் ஓட்டமெல்லாம்.

நாங்கள் படித்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்; அவன் மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரம் காரோடு நின்றிருந்தான். அண்ணாகிராமம் பக்கத்து முந்திரிக்காட்டுப் பையன். இப்போது பண்ருட்டியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான்.

"என்னா மச்சான், எளைச்சிட்ட? எழுதுறவனுக்குச் சோறு போட மாட்டாங்களா?"

"உனக்குச் சேத்துப் போட்டுட்டாங்க போல."

வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தான். மைதானத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் விடுதி இருந்த இடத்தில் நாலு மாடியும் கண்ணாடியுமாக ஏதோ நின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது: நீள அறை, வரிசையாகப் பாய்கள், ஒவ்வொரு தலைமாட்டிலும் பேர் எழுதிய வாளி. லீவுக்கு ஊருக்குப் போகிறவன் வாளியை விட்டுவிட்டுப் போவான். வாளியோடு கேட்டைத் தாண்டினால் அவன் திரும்ப மாட்டான் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கடிதம் எழுத மணி அடிக்கும். நீல நிற இன்லேண்ட் லெட்டர். எல்லாவற்றையும் வார்டன் படிப்பார். சோறு சரியில்லை, அடிக்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தால் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்வார். அவர் படித்து முடித்த கடிதங்களைக் கோந்து தடவி மூடுகிற வேலை எனக்கு. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. உண்மைச் செய்தியைப் பையன்கள் என் காதில் சொல்வார்கள். மூடுவதற்கு முன் உள்மடிப்பின் ஓரத்தில் பொடி எழுத்தில் அதை நான் சேர்த்துவிடுவேன். ஊறுகாய் வேண்டும். சட்டை கிழிந்துவிட்டது. காதில் சீழ் வடிகிறது. எழுதினேனா என்று மூடியதை யாரும் திரும்பப் பார்க்க முடியாது. என்னை நம்ப வேண்டும். எல்லோரும் நம்பினார்கள்.

ஆறாம் வகுப்பில் அவன் ஏழு ஞாயிறு என் காதில் சொன்னது ஒரே வரி: "அப்பா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க."

ஏழு ஞாயிறும் நான் அதை எழுதவில்லை.

கார் கெடிலம் பாலத்தைத் தாண்டி, முதுநகர் நெரிசலில் ஊர்ந்து, சிதம்பரம் சாலையைப் பிடித்தது. நான் ஜன்னலை இறக்கினேன், ஏற்றினேன், மறுபடி இறக்கினேன்.

"ஏசி ஜாஸ்தியா இருக்கா?"

"இல்ல."

"உன்னால ஒரு வேல ஆவணும் மச்சான். எம்பொண்ணு சிதம்பரத்துல ஆஸ்டல்ல படிக்கிறா. பிளஸ் ஒன். டாக்டருக்குப் படிக்கணும்னு சேத்தோம். தெனமும் போனப் போட்டு வந்து கூட்டிட்டுப் போங்கங்கிறா. அவ அம்மாவும் கூடச் சேந்து அழுவுறா. நீ நல்லா எழுதுவியே, மனசுல படுற மாரி ரெண்டு பக்கம் அவளுக்கு எழுதிக் குடு. இருந்துதான் ஆவணும்னு."

"அவளுக்கு அங்க என்ன கஷ்டமாம்?"

"கஷ்டம் இருக்கத்தான் செய்யும். நான் ஏழு லெட்டர் போட்டேன். எங்கப்பன் வந்தாரா? கல்லு. அந்தக் கல்லுதான் என்னை ஆளாக்குச்சி. நானும் கல்லாத்தான் இருக்கப் போறேன்."

அவன் குரலில் வருத்தமில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"வண்டிய ஓரங்கட்டு."

"ஒண்ணுக்கா? புதுச்சத்திரம் வரட்டும்டா."

"இப்பவே."

சவுக்குத் தோப்போரம் நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்க்காமல், டேஷ்போர்டைப் பார்த்துச் சொன்னேன்.

"நான் எழுதல."

"எத?"

"மடிப்புல நீ சொன்னத. ஒரு தடவகூட எழுதல."

"வார்டன் பாத்துட்டாரா?"

"அவருக்குத் தெரியாது. நீ போயிட்டா என் பக்கத்துப் பாய் காலியாயிடும். அதனாலதான். உங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

அவன் இறங்கினான். துணியை எடுத்து, சுத்தமாக இருந்த முன்கண்ணாடியைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். நானும் இறங்கி நின்றேன். சவுக்கில் காற்று இரைந்தது.

"கடைசியா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எங்கப்பா கேட்டாரு," என்றான், கண்ணாடியிடம் சொல்வதுபோல. "ஆஸ்டல்ல சந்தோஷமா இருந்தல்லடா, லெட்டர்லாம் அப்பிடி எழுதுவியேன்னு. நான் பதிலே சொல்லாம மூஞ்சத் திருப்பிக்கிட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"பேசாத. நல்லாப் பேசுவ நீ. ஏறு."

வெள்ளாற்றுப் பாலம் வரை ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினான். மண்டப வாசலில் நிறுத்தி, "எறங்கு. வந்துடுறேன்னு சொல்லு," என்றான்.

"எங்க போற?"

காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

உள்ளே இலைதான் ஜெயித்திருந்தது. வழுக்கைகளும் தொப்பைகளும் ஒருவரையொருவர் பட்டப்பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தன. நான் வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தேன். "இவனுக்கு அப்பவே பாயில முள்ளு, இப்பவும் அப்பிடியேதாண்டா இருக்கான்," என்றான் ஒருவன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. இரண்டாம் பந்தி உட்கார்ந்தபோது அந்தக் கார் வந்து நின்றது.

பின் சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். கையில் வாளி. வாளிக்குள் மக்கு, செருப்பு, பாதி தேய்ந்த சோப்பு டப்பா. காரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லி அவன் ஏதோ முணுமுணுத்தான். அவள் கேட்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து, வாளியைக் காலடியில் இடுக்கிக்கொண்டு, எதையும் பாராமல் சாப்பிட்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் அப்பளத்தை அவள் இலைக்குத் தள்ளினான்.

என்னை அவன் பார்க்கவில்லை. அவனுக்கு மறுபக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதை எனக்குக் காட்டவில்லை. வேறு ஒருவன் வந்து உட்கார்ந்தான்.

"அங்கிள், தண்ணி," என்றாள் அந்தப் பெண், என்னைப் பரிமாறுகிறவன் என்று நினைத்து.

ஜக்கை எடுத்து வந்தேன். அவளுக்கு ஊற்றினேன். அடுத்து அவன் டம்ளர். அவன் அதை என் பக்கம் நகர்த்தவில்லை. கையால் மூடவும் இல்லை.

ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனேன்.